உன் அம்மா கிரகணம் பார்த்தாள்

கண்ணு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். மேகலா நன்றாக இருக்கிறாள். வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்கிறது. நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நர்ஸம்மா துடிப்பைக் கேட்டுவிட்டு, ஏழாம் மாசத்துக்கு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கிறது, பேஜாரே இல்லை என்றார்கள். இதை முதலில் எழுதச் சொன்னது உன் அம்மா. மீதியை என் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஸ்கட்டிலிருந்து நீ போன் பண்ணி, கிரகணம் விடுகிற வரைக்கும் ரூமிலேயே இருந்தாயா என்று மேகலாவைக் கேட்டாய். நம் மருமகளுக்குப் பொய் வராது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன் என்று சொன்னாள். நீ ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டாய். இன்றோடு ஆறு நாள். அவள் அழவில்லை, யாரிடமும் குறை சொல்லவில்லை, ஆனால் குளிக்கப் போகும்போதுகூட செல்போனை வெளியே உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். நான் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால், அதில் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது, உனக்கும் அதற்கு மேல் கேட்கிற பொறுமை இருக்காது. பின்தெரு பாஷா திங்கட்கிழமை லீவு முடிந்து உங்கள் ஊருக்குத்தான் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புவதற்காக உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கோபப்படவேண்டியது மேகலாவிடம் இல்லை. முழுவதும் படித்துவிட்டு யாரிடம் கோபப்படலாம் என்று நீயே பார்த்துக்கொள்.

இந்த மாசத்தில் கிரகணம் இரண்டு வந்தது. முதலில் வந்தது சூரிய கிரகணம், ஆடி அமாவாசை சாயங்காலம். அன்றைக்கு நீ சொன்னபடியேதான் எல்லாம் செய்தோம். நாலு மணிக்கெல்லாம் மேகலாவை நடு ரூமுக்குள் விட்டு ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மறைத்து, கதவை வெளியே தாழ் போட்டேன். அசையக்கூடாது, உடம்பைச் சொறியக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, பாத்ரூமுக்குக்கூட வரக்கூடாது என்று நீ போனில் சொன்னதை உன் அம்மா ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னாள். நாலரைக்கு கரண்ட் போய்விட்டது. நம் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஐந்து மணி இருக்கும், உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டாள். உன் அம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம்தான் கண்ணு, கொஞ்ச நேரம்தான் கண்ணு என்று சொல்லிக்கொண்டே அழுதாள். நான் வாசலில் நாற்காலி போட்டு வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்குக் கதவைத் திறந்தபோது அந்தப் பெண் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கூப்பிட்டதற்கு முனகினாள், எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினோம். நாங்கள் மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை, அவள்தான் உன்னிடம் சொல்லவேண்டாம், தூர இருக்கிறவர் பயப்படுவார் என்றாள்.

அன்று ராத்திரி உன் அம்மா சாப்பிடவில்லை. மேகலா தூங்கினதும் சமையல் ரூமிலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள். "அன்னிக்கு நான் தண்ணி புடிக்கப் போவாம ஊட்லயே இருந்திருந்தா, அவனுக்கு ஒதடு நல்லா இருந்திருக்குமா? உண்மையச் சொல்லு."

அவள் எந்த நாளைச் சொல்கிறாள் என்று உனக்குத் தெரியும். நீ கேட்டு வளர்ந்த கதைதான் அது. ஆனால் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மார்கழி மாசம், பௌர்ணமி. உன் அம்மாவுக்கு அப்போது இரண்டு மாசம். நிலா எழும்போதே கிரகணம் பிடித்து எழுந்தது. தெருவில் ஒரு ஜனம் கிடையாது. நான் அப்போது ரோலிங் மில்லில் புதிதாகச் சேர்ந்து இடுக்கி பிடிக்கிற வேலையில் இருந்தேன். பழுக்கக் காய்ந்த கம்பி மெஷினிலிருந்து பாம்பு மாதிரி வரும், அதை இடுக்கியால் பிடித்துத் திருப்பி அடுத்த உருளைக்குள் விடவேண்டும். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் இரும்புத் தூசி, கண் எரிச்சல், கழுத்தில் ஒரு சுடுபுண். குளிக்கத் தண்ணீர் கேட்டேன். இல்லை, கிரகணம் விட்டதும் பிடிக்கிறேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்க நெருப்பில் நின்று வருகிறவனுக்கு ஒரு குடம் தண்ணீர் வைக்கத் துப்பில்லையா என்று கத்தினேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அவளாகப் போகவில்லை கண்ணு. நான் போகவைத்தேன்.

ஆடி மாசம் நீ பிறந்தாய். மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் உன்னைத் துணியில் சுற்றிக் காட்டியதும் என் அக்கா, உன் பெரிய அத்தை, சொன்ன முதல் வார்த்தை கிரகண மூளி. கிரகணத்தன்று வெளியே போனாயா என்று உன் அம்மாவைக் கேட்டாள். பிள்ளை பெற்று இரண்டு மணி நேரம்கூட ஆகாத உடம்பு, அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதோடு என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் சொன்னது வேறே. "சொன்னா கேக்கற ஜென்மமா இது" என்றேன். அந்த வார்த்தையை எழுதவே இப்போது கை கூசுகிறது. ஆனாலும் நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. என் அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார், முனுசாமி என்று பெயர். அவருக்கும் உதடு உன்னைப்போலவேதான் பிளந்திருந்தது. பேசும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வார். எனக்கு எட்டு வயசு இருக்கும்போது அவர் நாயுடுப்பேட்டைப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போனார், திரும்பவில்லை. திரும்பவேண்டும் என்று யாரும் கூப்பிடவும் இல்லை. எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, அவனைப் பற்றி வாயைத் திறந்தால் உனக்கு எவனும் பெண் கொடுக்கமாட்டான் என்று அப்பா சொல்லிவைத்தார். நான் திறக்கவில்லை. உன் ஐந்தாவது மாசத்தில் ஆப்பரேஷனுக்காக மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டர் எங்களை உட்காரவைத்து, இரண்டு பேர் குடும்பத்திலும் இந்த மாதிரி யாருக்காவது உண்டா என்று கேட்டார். உன் அம்மா அவள் வீட்டு ஆட்களையெல்லாம் விரல் விட்டு யோசித்து, இல்லை சார் என்றாள். பக்கத்தில் உன் மாமா நின்றுகொண்டிருந்தார். நானும் இல்லை என்றேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். யார் குடும்பத்திலும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது அந்தக் குடமும் அந்தத் தெருக்குழாயும்தான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. அந்த வருஷமே அவள் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வந்தாள். வேண்டுதல் தீர்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் மனசில் அது தண்டனை. அதற்குப் பிறகு எந்தக் கிரகணம் வந்தாலும், பிள்ளைத்தாச்சியாக இல்லாதபோதும், கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். நீ ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் எவனோ உன்னை மூளி என்று கூப்பிட்டான். சாயங்காலம் வந்து பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம், நீ ஏம்மா அன்னிக்கு வெளிய போன என்று கேட்டாய். தப்புப் பண்ணிட்டேன் கண்ணு, அம்மாவ மன்னிச்சுக்கோ என்றாள். நான் அப்போது அதே ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினேன். வேறொன்றும் செய்யவில்லை. நீ மீசை வைத்துத் தழும்பை மறைக்கிற வயசு வந்து, கல்யாணமும் ஆகி, உன் பெண்டாட்டி வயிற்றில் ஒரு பிள்ளையும் வந்த பிறகு, நீ தூரத்தில் இருந்துகொண்டு அவளை ரூமில் பூட்டச் சொன்னாய். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். வாயைத் திறக்காமலே சொல்லிக்கொடுத்தேன்.

அன்று ராத்திரி உன் அம்மா கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னேன். முனுசாமி சித்தப்பாவைச் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். அழுவாள், திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள், "டாக்டரு என் மூஞ்சப் பாத்துத்தான் ரெண்டாவது தடவ கேட்டாரு. அப்பவும் நீ பக்கத்துலதான் குந்திக்கினு இருந்த" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், நாஷ்டா வைத்தாள், என் சட்டையைத் துவைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. நான் அந்தப் பதினைந்து நாளில் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் அங்கே இருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். சில குடும்பங்களில் வரும், சில பேருக்குக் காரணமே தெரியாமலும் வரும், கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார்கள். அதனால் சித்தப்பாவால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். உன் அம்மாவால் வரவில்லை என்று மட்டும் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்லுவேன்.

அப்புறம் அந்த சனிக்கிழமை வந்தது. ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற நேரம். ரோட்டில் பெரியபாளையத்துக்குப் போகிற வேன்கள் உடுக்கையும் பம்பையுமாகப் போய்க்கொண்டிருந்தன. டிவியில், நடுராத்திரிக்கு மேல் சந்திர கிரகணம், நிலாவில் முக்கால் பங்குக்கு மேல் மறையும் என்றான். உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், பதினைந்து நாளைக்கப்புறம் என்னைப் பார்த்து, "இன்னிக்கு நான் பாக்கப் போறேன்" என்றாள். மேகலா உடனே, நானும் வரேன் அத்தை என்றாள். உன் அம்மா அவளைக் கூர்ந்து பார்த்தாள். வா என்றும் நான் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன், உன் உடம்பு, உன் பிள்ளை, நீயே யோசித்துக்கொள் என்றாள். மேகலா சிரித்துக்கொண்டே, ரெண்டு மணி நேரம் இருட்டில் கிடந்தபோதே யோசிச்சு முடிச்சிட்டேன் அத்தை என்றாள்.

நம் வீட்டுக்கு மாடி இல்லையே என்று யோசிக்காதே. எதிர்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், மாடிப்படி வெளிப்பக்கம்தானே. ஒரு மணிக்கு நான் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் ஏற, மேகலா நடுவில், உன் அம்மா அவள் முதுகில் கை வைத்தபடி பின்னால் ஏறினாள். மேலே போனால் மேகம். தொழிற்பேட்டைப் பக்கம் ஃபர்னஸ் வெளிச்சத்தில் வானம் அழுக்குச் சிவப்பாக இருந்தது. கால் மணி நேரம் நின்றோம். மேகம் விலகினபோது நிலாவின் இடது ஓரம் மழுங்கியிருந்தது, யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்டது மாதிரி. உன் அம்மா முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனாள், பழக்கம். பிறகு அவளே கீழே விட்டாள். பாய் விரித்து மேகலாவை உட்காரவைத்தோம். அப்போதுதான் அந்தப் பெண் எனக்கு ஒன்றைச் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே உன் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என் பிள்ளை உதட்டில் தழும்பு இருப்பது என் தப்பு, நீ மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாதே என்று மன்னிப்புக் கேட்டாளாம். யாரோ ஒரு வீட்டுப் பெண்ணிடம், முதல் நாளில். நான் அன்றைக்கு முன்னறையில் அவள் அப்பாவோடு அனல்மின் நிலைய வேலையைப் பற்றிப் பேசி, கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு நிலா பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. நாங்கள் பேசுவதைக் கேட்டோ என்னவோ பக்கத்து வீட்டு சரோஜா விளக்கைப் போட்டாள். ஜன்னலைப் பாதி திறந்து முகத்தை மட்டும் நீட்டி, "இன்னாக்கா இது, புள்ளத்தாச்சிய இட்டுக்கினு மாடி மேல? உனக்குப் பட்டும் புத்தி வரலையா?" என்றாள். அவளைக் குற்றம் சொல்லமுடியாது, அக்கறையில்தான் கேட்டாள். தெருவில் இன்னும் இரண்டு ஜன்னல் திறந்தது. உன் அம்மா எழுந்தாள். கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்றாள். இருபத்தைந்து வருஷமாகத் தெருவில் யாரும் கேட்காத குரல் கண்ணு அது.

"எனக்கு இன்னா பட்டுச்சு சரோஜா? என் புள்ள ஒதடு கிழிஞ்சது நிலாவால இல்ல, என்னாலயும் இல்ல. நான் ஒரு தப்பும் பண்ணல."

சரோஜா என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பொன்னேரியில் உன் அம்மா பார்த்தது மாதிரியே பார்த்தாள். நான் உன் அம்மா பக்கத்தில் போய் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். "அவ சொல்றது நெசம். எங்க சித்தப்பாவுக்கே அப்படித்தான் ஒதடு இருந்துச்சு. தெரிஞ்சும் மறைச்சவன் நான். அன்னிக்கு அவள தண்ணிக்கு அனுப்பினவனும் நான்தான்." ஃபர்னஸ் வாயில் இருபத்தைந்து வருஷம் நின்றிருக்கிறேன், அந்த மாதிரி முகம் என்றைக்கும் கொதித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் கொலுசுச் சத்தம். சரோஜா ஏறி வந்தாள், அவள் பெண்ணையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு. பின்னாலேயே தெருக்கோடி வீட்டுக்காரர்கள். செகண்டு ஷிப்ட் முடித்து வந்த இரண்டு பேர் சைக்கிளைத் தெருவில் சாத்திவிட்டு ஏறினார்கள். அந்தச் சின்ன மாடியில் பதினோரு பேர் நின்றோம். இரண்டே முக்காலுக்கு மேல்பக்கம் ஒரு கீற்று மட்டும் வெள்ளையாக இருந்தது, மிச்சமெல்லாம் கம்பி ஆறி வரும்போது கடைசியில் ஒரு நிறம் இருக்குமே, சிவப்பும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல், அந்த நிறம். நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்த நிறம்தான், ஆனால் அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் அம்மா செம்பில் கொண்டுவந்த தண்ணீரை அந்த நிலாவுக்கு நேராக நின்று அண்ணாந்து குடித்தாள். மேகலாவுக்கும் கொடுத்தாள். அவள் மடக் மடக்கென்று பாதிச் செம்பைக் குடித்துவிட்டு, உள்ளே உதைக்கிறான் அத்தை என்றாள். உன் அம்மா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அது எங்கே போனது என்று நான் தேடவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நாலேகால் வரைக்கும் இருந்தோம். முழு நிலா திரும்பி வந்ததும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். குளிக்கிறவர்கள் போய்க் குளித்தார்கள், அதில் தப்பில்லை. உன் அம்மா குளிக்கவில்லை, நேராகப் படுத்து எட்டு மணி வரைக்கும் தூங்கினாள். அவள் எட்டு மணி வரை தூங்கி நான் பார்த்ததில்லை. அன்றைய காப்பியை நான் போட்டேன். சர்க்கரை அதிகம் என்றாள். என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஆகையால் கண்ணு, இனி நீ செய்யவேண்டியது. இதைப் படித்ததும் உன் பெண்டாட்டிக்குப் போன் பண்ணு. ஆபீஸ் போனிலிருந்தோ, கார்டு வாங்கியோ, எப்படியாவது பண்ணு. எனக்காகவோ உன் அம்மாவுக்காகவோ இல்லை. அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை என்று உன் வாயால் சொல்லு. ஆம்பிளைக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் மறுநாள் இன்னும் கஷ்டம், அப்படியே தள்ளிக்கொண்டே போய்விடும். எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது. உனக்கு இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை. அப்புறம் அம்மாவிடம் பேசு. ஐந்தாம் வகுப்பில் நீ கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் பொய் என்று உனக்கு இப்போது தெரியும். மீசையை எடுப்பதும் வைப்பதும் உன் இஷ்டம். மறைக்கிறதற்காக வைக்கவேண்டாம்.

இதுவரைக்கும் எழுதினதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் கேட்டுக் கத்தின இடத்தில், இன்னும் நிறைய கத்தினாய், குறைத்து எழுதியிருக்கிறாய் என்றாள். பிறகு, கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். பிறக்கிற பிள்ளைக்கு உதடு எப்படி இருந்தாலும் அதை முதலில் தூக்கப்போவது அவள்தானாம். தூக்கிக்கொண்டு வெளியே வந்து எல்லோருக்கும் காட்டுவாளாம். இதில் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுது என்றாள்.

எழுதிவிட்டேன்.

உன் நைனா